பின்னால கட்டுன வண்டி

ஏனுங் தம்பி, போன்ல தமிழ் பேசுனீங்களே, அதுதான் எந்திரிச்சு வந்தேன். இங்க வந்து இன்னைக்கு மூணாவது நாளுங்க. ஒரு தமிழ் வார்த்தை காதுல உழுகலை. உள்ள ஒரு கேரளாப் புள்ளை இருக்குது, நர்சு. அது பேசும். ஆனா எங்கிட்டப் பேசறதை நிறுத்திப் போட்டுது. நீங்க நாமக்கல்லுங்களா? லாரின்னு பாத்ததுமே நெனச்சேன். கூட வந்தவருக்கு என்ன ஆச்சுங்க? தார்ப்பாய் கட்டறப்ப விழுந்துட்டாரா. செரியாயிருமுங்க. எலும்புதானே, கூடிரும். என்ற வீட்டுக்காரிக்கும் தொடை எலும்புதான்.

எனக்குக் கோபிங்க. சென்னியப்பன்னு பேரு. முப்பத்தி நாலு வருசம் மில்லுல ஃபிட்டர். மெசின் ஓடற சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப் போவுதுன்னு சொல்லிருவேன். அத்தனை நுணுக்கம். ரிட்டயர் ஆனா எல்லாரும் தோட்டங்காடு வாங்கறாங்க, வட்டிக்கு விடறாங்க. நான் ஒரு பழைய பிக்கப் வாங்கி, கரூர்ல ஒரு பட்டறையில குடுத்து, பின்னாடி ஒரு ரூமே கட்டிப்போட்டேன். ரெண்டு பேர் படுக்கறதுக்குப் பலகை, அடுப்பு, தண்ணித் தொட்டி. கதவு ஒண்ணு, ஜன்னல் ஒண்ணு. இந்தியா பூராவும் சுத்தோணும்னு நெம்ப நாள் ஆசைங்க. போன வருசம் ஒடிசா வரைக்கும் போயிட்டு வந்தோம். இந்த வருசம் மேற்கால கட்ச் வரைக்கும்.

ஆனா இத்தனை பெரிய வண்டியை ஊருக்குள்ள ஒவ்வொரு சந்துலயும் நுழைக்க முடியுமுங்களா? நீங்க லாரி ஓட்டறவரு, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோதான எடத்துல நிறுத்திப்போட்டா அப்பறம் பால் வாங்க, ஊர் பாக்க ஒரு சின்ன வண்டி வேணும். அதுக்குத்தான் பைக்கைப் பின்னால கட்டி இழுத்துட்டுப் போறது. பழைய ஸ்பிளெண்டர். ரெண்டு சின்னச் சக்கரம் வெச்ச டிரெய்லர், அதுல பைக்கை ஏத்தி, நாலு பக்கமும் பெல்ட் போட்டு இறுக்கிருவேன். சும்மா கயிறு கட்டி இழுக்கற சோலி இல்லைங்க. பாரம் பின்னால போச்சுன்னா டிரெய்லர் வால் ஆட்டும். முன்னால போச்சுன்னா பிக்கப்போட மூக்கு தூக்கும். நான் அம்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி நாலு பெல்ட்டையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் நகருவேன். ஓட்டறப்ப கண்ணாடியில பைக்கோட ஹேண்டில் தெரிஞ்சுட்டே இருக்கோணும். அது தெரிஞ்சாத்தான் எனக்கு நிம்மதி.

அவளா? அவ பக்கத்துல உக்காந்திருப்பாளுங்க. வசந்தாமணி. கல்யாணமாகி முப்பத்தி மூணு வருசம். பேசவே மாட்டா. நான் எது சொன்னாலும் செரிங்கன்னுவா. அந்த மாதிரி ஒரு பொம்பளை கிடைக்கறது கஷ்டமுங்க.

ஒரே ஒரு தடவை வாயைத் தொறந்தா. சக்லேஷ்பூர் மலை எறங்கறோம். "பைக்கு சாயுதுங்க"ங்கறா. நான் கண்ணாடியைப் பாத்தேன், நேராத்தான் இருந்துது. பேசாம வான்னுட்டேன். ரெண்டு வளைவு தாண்டி மறுபடியும், "இடது பக்கத்துப் பெல்ட்டு அந்துருச்சுங்க"ங்கறா. அதுக்கப்பறமும் கொஞ்ச தூரம் ஓட்டிட்டுத்தான் நிறுத்துனேன். பாத்தா நெசந்தானுங்க. பைக்கு ஒரு பக்கமாத் தொங்குது. இன்னொரு வளைவு போயிருந்தா பள்ளத்துல கெடந்திருக்கும். அவ அந்தப் பக்கத்துக் கண்ணாடியில வழி பூராவும் அந்த பைக்கையே பாத்துட்டு வந்திருக்கா. அது எனக்கு அப்பத் தெரியலை.

நம்ம வழக்கம் என்னன்னா, ஒரு எடத்துல நிறுத்துனா மூணு நாள், நாலு நாள் இருப்போம். காலையில பைக்கை எறக்கி நான் மட்டும் ஊர் பாக்கப் போவேன். கோயில், கோட்டை, அருவி, எதா இருந்தாலும். போட்டோ எடுத்துட்டு வந்து அவளுக்குக் காட்டுவேன். அவளைப் பின்னால உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறதில்லைங்க. பழைய வண்டி, ரெண்டு பேர் ஏறுனா ஷாக் அப்சார்பர் போயிரும். அவளுக்கும் பாக்கறதுல அத்தனை இஷ்டமில்லை. இருந்தா கேட்டிருப்பாளே. போறப்ப ரூமுக்கு வெளிய கொண்டி போட்டுட்டுப் போவேன். பாதுகாப்புக்குத்தானுங்க. புது எடம், ஒண்ணுந்தெரியாத பொம்பளை. என்ன அப்படிப் பாக்கறீங்க? ஜன்னல் இருக்குதுங்க. காத்து நல்லா வரும்.

பதினொரு மணிக்கெல்லாம் வந்து தொறந்து விட்டிருவேன். சமைப்பா. சாப்பிட்டு, பிரஷர் மாத்திரை போட்டுட்டு நாலு மணி வரைக்கும் தூங்குவேன். அந்த மாத்திரை போட்டா இடி விழுந்தாலும் தெரியாது.

மொதல்ல ஹொன்னாவர்லதானுங்க கவனிச்சேன். நான் நிறுத்தறப்ப ஓடுன கிலோமீட்டரை மனசுல வெச்சுக்குவேன். மில்லுல வந்த பழக்கம். மக்யா நாள் காலையில பாத்தா பதினொரு கிலோமீட்டர் எச்சா ஓடியிருக்குது. நாம்பதான் தப்பாப் பாத்திருப்போம்னு விட்டுட்டேன். கார்வார்ல பத்தொம்பது. மால்வன்ல முப்பத்தி நாலு. யாரோ எடுத்து ஓட்டிட்டு, மறுபடியும் அதே எடத்துல கொண்டாந்து நிறுத்தறான். சாவி என் சட்டைப் பையில இருக்குது. ஆனா அது தேஞ்ச பூட்டுங்க, பீரோ சாவி போட்டாலும் தொறந்துக்கும். ஓட்டறவன் பெட்ரோல் வேற போட்டு வெச்சிருக்கான். எந்த ஊருத் திருடன் பெட்ரோல் போட்டு வெப்பான், சொல்லுங்க?

அவகிட்டக் கேட்டேன். தூங்கறப்ப யாராச்சும் பைக்குகிட்ட வந்தாங்களான்னு. "நான் யாரையும் பாக்கலைங்க"ன்னா. அவ பொய் சொல்ல மாட்டா. யாரையும் பாக்கலைன்னுதானே சொன்னா.

அவளேவா? தம்பி, நீங்களும் இங்க விசாரிக்க வந்த போலீஸ்காரன் மாதிரியே கேக்கறீங்களே. அவளுக்கு அம்பத்தி ஆறு வயசு. கல்யாணமான புதுசுல ஒரு தடவை சொன்னா, அவங்கப்பனோட ராஜ்தூத் பைக்குல பால் கேன் கட்டிட்டு சொசைட்டிக்குப் போவேன்னு. இதையெல்லாம் எங்கம்மா காதுல போட்டு வெக்காதேன்னு சொன்னேன். அதோட செரி. முப்பத்தி மூணு வருசத்துல அவ ஒரு சைக்கிளைத் தொட்டு நான் பாத்ததில்லை.

அப்பறம் இங்க வந்தோம். மேட்டுல ஒரு மாந்தோப்பு, கெணறு இருந்துது, தோப்புக்காரரும் நல்ல மனுசன். ஒரு வாரம் இருந்துட்டுப் போங்கன்னுட்டார். இங்கதான் நான் திருடனுக்கு மொதல்ல ஒரு கண்ணி வெச்சேன். அவ தினமும் ரூம் படிக்கு முன்னால ஒரு சின்னக் கோலம் போடுவா, எந்த ஊருக்குப் போனாலும். அந்தக் கோலப்பொடியை எடுத்து, பைக்கோட ரெண்டு சக்கரத்தையும் சுத்தி ஒரு கோடு இழுத்து வெச்சேன். எடுத்தா கோடு கலைஞ்சிரும் பாருங்க. தூங்கி எந்திரிச்சுப் போய்ப் பாத்தா கோடு கலையவே இல்லை. கலையலைன்னா என்ன, நான் போட்ட கோடு கோணலும் மாணலுமா இருந்துது. இது அளந்து வெச்ச மாதிரி இருக்குது. அழிச்சுட்டுப் புதுசாப் போட்டிருக்கான். கிலோமீட்டர் இருபத்தி ரெண்டு எச்சா.

அன்னைக்குப் பொழுதோட அவ மொகத்துல ஒரு தெளிச்சி. என்னமோ முனகிட்டுப் பாத்திரம் கழுவறா. பாட்டு மாதிரி. அவ பாடி நான் கேட்டதே இல்லை. சேலைக் கொசுவத்துல செம்மண்ணு. அந்தத் தோப்புல மண்ணு கறுப்புங்க. ரோட்டுலதான் செம்மண்ணு. எனக்கென்னமோ மனசே செரியில்லை. எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியலை. வீட்டுக்குள்ள வேற ஆள் நொழைஞ்சு குடியிருக்கற மாதிரி ஒரு இது.

இதுக்கு நடுவுல புள்ளை விசயம் ஒண்ணு. எங்களுக்கு ஒரே பொண்ணு, கோகிலவாணி, பெங்களூர்ல இருக்கறா. தலைப்பிரசவம், அடுத்த மாசம். போன் எங்கிட்டத்தான் இருக்குது, புள்ளை பேசுனா ஸ்பீக்கர்ல போட்டு ரெண்டு பேரும் கேப்போம். கார்வார்ல வெச்சே இவ கேட்டா, "இங்கிருந்து பெங்களூருக்கு ரயில் இருக்குமுங்களா?"ன்னு. கட்ச் போயிட்டுத் திரும்பறப்ப நேரா அங்கயே போயிக்கலாம்னு சொன்னேன். அதுக்குள்ள பொறந்திரும்னா. பொறந்தா என்ன, கொழந்தை எங்கயும் ஓடிராதுன்னு சொன்னேன். அப்பறம் கேக்கலை. எதையும் ஒரு தடவைதான் கேப்பா, அவ கொணம் அப்படி.

செரி, கதைக்கு வர்றேன். முந்தாநேத்து, வியாழக்கெழமை. மத்தியானம் சோறு உண்டுபோட்டு, அவ கெணத்தடியில தட்டு கழுவிட்டிருந்தா. நான் பத்தாம் நம்பர் ஸ்பேனரோட பைக்குகிட்ட உக்காந்தேன். பின் பிரேக் ராடு நட்டை ஒரு எட்டுச் சுத்து தளர்த்துனேன். முன்னாடி கேபிளையும். கழட்டலைங்க. வெறுமனே தளர்த்துனேன். மிதிச்சா மிதி எறங்கும், ஆனா புடிக்காது. எடுத்த ஒடனே தடுமாறிப் பக்கத்து வேலியில விடுவான், சத்தம் கேக்கும், போய்ப் புடிச்சுக்கலாம். அவ்வளவுதான் கணக்கு. ஒரு தடவை கீழ விழுந்து எந்திரிச்சாத்தான் புத்தி வரும்னு நெனச்சேன். யாருக்கா? திருடனுக்குத்தானுங்க. வேற யாருக்கு?

அப்ப அவ தட்டை எடுத்துட்டு வந்தா. "என்னங்க பண்றீங்க"ன்னு கேட்டா. செயினுக்கு ஆயில் விடறேன்னு சொன்னேன். எதுக்குப் பொய் சொன்னேனா? பொம்பளைகிட்டப் போயித் திருடன் கிருடன்னு சொன்னா பயந்துக்குவாளே. அவ கொஞ்ச நேரம் நின்னா. என் கையில எண்ணெயே இல்லைங்கறதைப் பாத்தாளோ என்னமோ. அப்பறம் உள்ள போயிட்டா.

அன்னைக்கு மாத்திரை போடலைங்க. சும்மா கண்ணை மூடிப் படுத்திருந்தேன். ஒரு ஒண்ணரை மணி இருக்கும். பலகை அசைஞ்சுது. அவ எந்திரிச்சு எம் பக்கத்துல ஒரு நிமிசம் நின்னா, அது தெரிஞ்சுது. மூச்சு விடற சத்தம் கேட்டுது. அப்பறம் கதவு. துணி காயப்போடப் போறா போலன்னு நெனச்சேன். கொஞ்ச தூரத்துக்கு பைக்கை உருட்டற சத்தம், அப்பறம் கிக்கர். ரெண்டாவது மிதியில புடிச்சுது. எனக்கே அந்த வண்டி மூணு மிதி கேக்கும்.

நீங்க என்ன கேக்க வர்றீங்கன்னு தெரியுது. எந்திரிச்சிருக்கலாம். ஒரு சத்தம் போட்டிருந்தாக் கூடப் போதும். தோப்புக்குள்ள அரைக் கிலோமீட்டருக்கு மண் ரோடு, சமதளம், கூப்பிட்டிருந்தாக் கேட்டிருக்கும். என்னமோ படுத்தே கெடந்தேனுங்க. பலகையில அவ படுத்திருந்த எடம் கையை வெச்சா இன்னும் சூடா இருந்துது. வேலியில மோதற சத்தம் வரும், வரும்னு காதைத் தீட்டிட்டே படுத்திருந்தேன். வரலை. சத்தம் தூரமாப் போயிட்டே இருந்துது. அப்பறம் சத்தமே இல்லை.

ஆமாங்க, தோப்பு முடிஞ்சா எறக்கம்னு தெரியும். தினமும் நாந்தானே போயிட்டு வர்றேன். ஆறு வளைவு. ரெண்டு பக்கமும் செம்பொறைக் கல்லுச் சுவரு.

ரெண்டாவது வளைவுல சுவத்துல மோதியிருக்கா. பின்னால வந்த பஸ்ஸுல இருந்து எறங்கித் தூக்கியிருக்காங்க. தொடை எலும்பு ரெண்டா ஒடைஞ்சு, இடுப்புல விரிசல், மணிக்கட்டு வேற. ஹெல்மெட் போட்டிருந்ததுனால தலை தப்புச்சுது. போட்டு, தாடைக்குக் கீழ மாட்டியும் இருந்தா. அதைச் சொல்லோணும், எதைச் செஞ்சாலும் ஒழுங்காச் செய்வா. சங்கதி எனக்கு மூணரை மணிக்குத்தான் தெரியும், தோப்புக்காரரு ஓடி வந்து சொல்றப்ப. நான் கேட்ட மொத வார்த்தை, "வண்டி எங்க?"ன்னு. பதட்டத்துல வர்றதுதானுங்க.

பஸ்ஸுக்காரங்க ஒரு பையையும் எடுத்துக் குடுத்திருந்தாங்க. தோள்ல மாட்டற பை. ரெண்டு சேலை, அவ மாத்திரை, கொழந்தைக்குன்னு தச்ச நாலஞ்சு சின்னத் துணி. எப்பத் தச்சான்னே தெரியலை. காலையில நான் ஊர் பாக்கப் போனப்பத் தச்சிருப்பா. அதுக்குள்ள ஒரு ரயில் டிக்கெட். எறக்கத்துக்குக் கீழதான் ஸ்டேஷன். அன்னைக்குச் சாயங்கால வண்டி. ரெண்டு நாளைக்கு முன்னாலயே போய் எடுத்து வெச்சிருக்கா. அந்த இருபத்தி ரெண்டு கிலோமீட்டர், இதுக்குத்தான் போலிருக்குது. ஒரு டிக்கெட்டுதான் இருந்துது. என் பேர் இல்லை. ரெண்டு சீட்டுச் சேந்தாப்பல கெடைச்சிருக்காதுங்க, அந்த லைன்ல எப்பவுமே கூட்டம்.

போலீஸ்காரன் பைக்கைக் கொண்டு போயி ஸ்டேஷன்ல வெச்சிருக்கான். நேத்து ஒரு மெக்கானிக்கு பாத்திருக்கானாம். பிரேக் நட்டை யாரு தளர்த்துனதுன்னு எங்கிட்டக் கேக்கறான். பழைய வண்டி, ஆயிரத்தி ஐநூறு கிலோமீட்டர் டிரெய்லர்ல குலுங்கிட்டு வந்துது, தானாத் தளராதான்னு கேட்டேன். நீங்க சொல்லுங்க, லாரிக்காரரு, தானாத் தளராதுங்களா? ரெண்டு பிரேக்கும் ஒண்ணாத் தளராதா?

செரி, விடுங்க. நீங்க சொல்ல வேண்டாம்.

நேத்துக் காலையிலதான் அவளைப் பாக்க விட்டாங்க. ரெண்டு நிமிசம். காலைத் தூக்கிக் கட்டி, எடைக்கல்லுத் தொங்க விட்டிருக்காங்க. மொகமெல்லாம் வீங்கியிருந்துது. ஆனா கண்ணு தெளிவா இருந்துது. அப்படி ஒரு பார்வை அவ என்னைப் பாத்ததே இல்லை. மில்லுல புது மேனேஜர் வந்தா மெசினைப் பாப்பான் பாருங்க, அந்த மாதிரி. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தேன். அவதான் கேட்டா. மெதுவா, ஒரு கோபமும் இல்லாம.

"நாந்தான்னு தெரிஞ்சேதான் பண்ணுனீங்களா?"

நர்சு பக்கத்துலயே நிக்குது. தமிழ் தெரிஞ்ச புள்ளை.

நான் சொன்னேன், "வண்டிக்குப் பெருசா ஒண்ணும் ஆகலை வசந்தா, முன்சக்கரம் மட்டும் நெளிஞ்சிருக்குது, மாத்திக்கலாம்"னு. அவ மனசு சமாதானம் ஆகட்டும்னுதான் சொன்னேன். வண்டியை ஒடைச்சுட்டமேன்னு கவலைப்படுவாள்ல. மொகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பிட்டா. அப்பறம் நர்சுகிட்ட என்னமோ சொன்னா. அந்தப் புள்ளை என் தோளைத் தொட்டு வெளிய போங்கன்னுது. அப்பறம் உள்ள விடவே இல்லை. இன்னைக்குக் காலையில போனா, அந்தம்மா தனியாத்தான் வந்தேன், கூட ஆள் யாரும் இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்கன்னு நர்சு சொல்லுது. தலையில அடிபட்டா ஞாபகம் தப்புமுங்க. டாக்டரைக் கேட்டேன். ஸ்கேன் எடுத்தாச்சு, தலையில ஒரு கோளாறும் இல்லைன்னுட்டாரு. இந்த ஊரு டாக்டருங்களுக்கு என்ன தெரியும்.

நர்சோட போன்ல கோகிலவாணிகிட்டப் பேசியிருக்கா போல. மாப்பிள்ளை கெளம்பிட்டாராம். நாளைக்குக் காலையில வந்திருவாரு. எதுக்கு வீணா அலையறாருன்னு போன் போட்டேன். எடுக்கலை. மூணு தடவை போட்டேன்.

கால் எலும்பு கூடறதுக்கு எட்டு வாரம் ஆகுமுன்னு டாக்டர் சொல்றாரு. ஆகட்டுமுங்க. எனக்கென்ன அவசரம், ரிட்டயர் ஆன மனுசன். வண்டியிலயே அடுப்பு இருக்குது, படுக்கை இருக்குது. ஒரு பைக்கு விலைக்குக் கெடைக்குதான்னும் இங்க விசாரிச்சிருக்கேன், டிரெய்லர் சும்மா கெடக்கக் கூடாதுல்ல. கட்சுல குளிர்காலம்தான் நல்லா இருக்குமாம். அவளுக்கும் ஒரு மாத்தமா இருக்கும். அந்த டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டேன். தேதி போனது, இனி எதுக்கு.

எந்திரிச்சுட்டீங்களா? டீயா? வாங்கீட்டு வாங்க, நான் இங்கயேதான் இருப்பேன். எங்கயும் போக முடியாதுங்க. காலையில வெளிச்சம் வந்ததும் ஒரு தடவை சுத்திப் பாத்துட்டு வந்தேன். பின்னால பூராவும் காம்பவுண்ட் சுவருதான். இந்த ஆஸ்பத்திரிக்கு வாசல் ஒண்ணே ஒண்ணுதான். அதுக்கு நேர் எதுக்கால வண்டியைப் போட்டிருக்கேன்.